கழுவிப் பார்த்த குருவி

பிழைப்புக்காக மனிதன் என்னென்னவோ செய்கிறான். நான் ஒரு குருவிக்குச் சாயம் போகிறதா என்று பார்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்து, வெள்ளைத் துணியால் தேய்த்து, முடிவை ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையும் குத்திக் கொடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்களில் நான் எழுதிய அறிக்கைகளில், ஒரு சொல்கூடப் பொய்யில்லாத அறிக்கை என்றால் அது ஒன்றுதான். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஒரு சாயப்பட்டறையின் லேபில் நிறம் பார்க்கிறவன். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர், அதாவது பையர், நகக்கண் அளவு ஒரு துண்டை ஒட்டி அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பார். எந்தச் சாயம் எத்தனை பிடி, எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு என்று பார்த்து அந்த நிறத்தைப் பனியன் துணியில் கொண்டுவர வேண்டியது என் பாடு. இதே வேலையைச் செய்து செய்து, உலகத்தில் நிறத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாமல் போய்விட்டது. என் மனைவி புதுச் சேலை கட்டி வந்து நின்றால் நன்றாயிருக்கிறது என்று நான் சொன்னதில்லை. கொஞ்சம் மஞ்சள் தூக்கல் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு உண்டான பலனையும் அனுபவித்திருக்கிறேன்.

எங்கள் பட்டறை பல்லடத்திலிருந்து குண்டடம் போகிற பக்கத்தில், மெயின் ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. மேற்குச் சுவரை ஒட்டி ஒரு தோட்டம். ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை, மிச்ச இடத்தில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம். தோட்டத்துக்காரருக்கு எழுபதை நெருங்கும் வயது. எங்கள் முதலாளிக்கு அவர் மாமன் முறை. இந்தப் பக்கத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும். எப்படியும் முறை வந்துவிடும்.

இரண்டு வருடங்களாக அவருக்கு ஒரே புகார்தான். கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது. தென்னையில் குரும்பை நிற்காமல் கொட்டுகிறது, மாடு தொட்டியில் வாய் வைக்க மாட்டேன் என்கிறது என்பார். முதலாளியும் ஒவ்வொரு முறையும் காப்பி கொடுத்து, பார்க்கிறேன் மாமா என்பார். எங்கள் கழிவுநீர்த் தொட்டியின் அடித்தளத்தில் விரிசல் இருப்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் எழுதிவைப்பதில்லை.

தோட்டத்துக்காரரின் மகன் திருப்பூருக்குள் சிறியதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தார். அவருக்கும் சாயம் போட்டுக் கொடுப்பது நாங்கள்தான். தண்ணீர் விஷயத்தைப் பேசு என்று அப்பா மகனிடம் சொல்லியிருக்கிறார். மகனுக்கோ ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் குறித்த நாளில் வந்துசேர வேண்டிய துணி. "தண்ணியப் பாத்தா சும்மா செம்மண் கலங்குனாப்ல இருக்குதுங்கப்பா. கண்ணுக்குத் தெரியற மாதிரி எதாச்சு இருந்தாக் கொண்டாங்க, அப்பறம் நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டார். இது பின்னால் அந்தப் பெரியவரே என்னிடம் சொன்னது. மகன் தட்டிக்கழித்த பேச்சை அவர் அப்படியே நம்பிக்கொண்டார். அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றைத் தேட ஆரம்பித்திருக்கிறார்.

தை மாதம் அது கிடைத்தது.

காலை பத்து மணி இருக்கும். முதலாளி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் நூல் சுற்றிய கோன்கள் வரும் அட்டைப்பெட்டி ஒன்று. அதில் ஆணியால் குத்திய ஓட்டைகள். பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாமா, காப்பி சொல்லட்டுங்களா?" என்று முதலாளி அப்போதுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டுங்க மாப்ளை. மொதல்ல இதைப் பாருங்க" என்று பெரியவர் பெட்டியின் மூடியைக் கொஞ்சமாகத் திறந்தார்.

உள்ளே ஒரு குருவி. சிட்டுக்குருவி அளவு, அதே தடித்த உடம்பு. ஆனால் தலை, தொண்டை, நெஞ்செல்லாம் சிவப்பு.

"என்னங்க மாமா, குருவியா?"

"குருவிதானுங்க. உங்க தண்ணியில குளிச்ச குருவி. சோளத்துக்குக் கட்டுன வலையில மாட்டிருந்துச்சு. இன்னும் நாலஞ்சு இருக்குதுங்க காட்டுல, எல்லாம் இதே சேப்பு. இதுக்கு மேல என்னங்க வேணும்?"

கொங்கு நாட்டில் சண்டை இப்படித்தான் நடக்கும். இன்னொரு ஊரில் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு அடியிலும் ஒரு 'ங்க' இருக்கும், வாங்கியவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் வலிக்கும். தெற்குச் சீமையிலிருந்து வந்த எனக்கு இது பழகவே பல வருடங்கள் ஆயின.

முதலாளி பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். என்னைப் பார்த்து, "சார், நம்ம ஷேடுங்களா இது? பாருங்க" என்றார்.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரன் யாராக இருந்தாலும், இது என்ன பறவை என்று கேட்டிருப்பான். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. சிவப்பாக ஒன்றைப் பார்த்தால் யார் போட்ட சாயம் என்று கேட்கிற ஊர் இது. கண்ணெதிரே ஒரு உயிர் நெஞ்சு படபடக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் போய், நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டை எடுத்துவந்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முந்தின மாதம் ஒரு குழந்தை உடுப்பு ஆர்டருக்கு ஓட்டிய சிவப்புக்குப் பக்கத்தில் வந்தது. "கிட்டத்தட்ட நம்ம ஷேடுதாங்க. என்ன, கொஞ்சம் நீலம் கூடுதல்" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்காமலே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக்குணம். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, செல்போனை எடுத்து, பெட்டிக்குள் வைத்து ஒரு படம் பிடித்தார். அடுத்த நிமிடமே அதைத் தன் சொந்தபந்தங்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"கழுவிப் பாக்கலாங்க" என்றார் முதலாளி. "கழுவுனா போயிருச்சுன்னா எங்கியோ பொரண்டு வந்துருக்குதுன்னு அர்த்தம்."

இதில் என்ன தர்க்கம் இருந்தது என்று இப்போது யோசித்தால் விளங்கவில்லை. அப்போது எல்லோரும் தலையாட்டினோம். லேபுக்குக் கொண்டுபோய், துணி சோதிக்கிற அதே சோப்பில், வெதுவெதுப்பான தண்ணீரில், தலையை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு முக்கினேன். காட்டுப் பறவையைப் பிடித்துவைப்பதே சட்டப்படி தப்பு என்று பிறகு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சோப்புப் போடுவதைப் பற்றிச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ. குருவி என் கட்டைவிரலைக் கவ்விக் கடித்தது. சோள மணியை உடைக்கிற அலகு என்பது ரத்தம் வந்தபிறகு புரிந்தது.

தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை எடுத்தபோது நிறம் இன்னும் அடர்ந்து தெரிந்தது. ஈரத்தில் எந்த நிறமும் ஒரு படி கூடித்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும், பெரியவருக்குத் தெரியாது. "பாத்தீங்களா, உள்ளுக்குள்ளயே ஊறிப்போச்சு" என்றார். முதலாளியின் முகத்திலோ ஒரு கணம் பெருமை வந்துபோனதைப் பார்த்தேன். மூன்று கழுவலுக்கும் அசையாத சாயம்! எந்தப் பையரும் குறை சொல்ல முடியாது.

அந்த நேரத்தில், மெஷினில் ஓடிக்கொண்டிருந்த துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, நிறம் சரியா என்று கேட்க எங்கள் ஆபரேட்டர் உள்ளே வந்தார். உத்தரகாண்ட் மலைக்காரர், எங்களிடம் எட்டு வருடமாக இருக்கிறார். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அரே, ஏ தோ தூத்தி ஹை! எங்க ஊர் தூத்திக் குருவி. சார், ஏன் குளிப்பாட்டுது?"

எனக்கு அசடு வழிந்தது. சாயம் பார்ப்பதாகச் சொன்னேன். அவர் துணித்துண்டைக் கீழே வைத்துவிட்டு, இனி சிரித்தால் வேலை போய்விடும் என்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"சார், இது கலர் போட்டது இல்லே. பொறந்ததே இப்படி. எங்க ஊர்ல மேலே, பனி பக்கம், கூடு வைக்கும். குளிர் வந்தா கீழே போயிடும். எங்கே போவுதுன்னு எங்க ஆளுக்குத் தெரியாது." என் கையிலிருந்த குருவியை மறுபடி பார்த்தார். "இங்கேதான் வருதா?"

அவரும் அதே வழியில் வந்தவர்தானே என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. அவர் ரயிலில் இடம் கிடைக்காமல் கழிவறைப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தவர். குருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

பெரியவர் இதை நம்பவில்லை. இமயமலைக் குருவிக்கு என் சோளக்காடு எப்படித் தெரியும் என்றார். நியாயமான கேள்வி. அதனால் பெட்டிக்குள் உதிர்ந்து கிடந்த இரண்டு நெஞ்சு இறகுகளை எடுத்துவைத்துக்கொண்டு, முறையாகச் சோதித்துச் சொல்கிறேன் என்றேன். குருவியைத் துவட்டி, வெயிலில் காயவைத்து, மேற்குச் சுவர்மேல் விட்டோம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டது. பிறகு, கேள்வி கேட்கிற மாதிரி முடிவில் மேலே ஏறுகிற ஒரு சின்ன விசில் அடித்துவிட்டுச் சோளத்துக்குள் போய்விட்டது.

சாயத்தை உரித்தெடுக்க எங்களிடம் ஹைட்ரோஸ் என்று ஒரு பொடி உண்டு. நிறம் தப்பிப்போன துணியை அதில் போட்டுச் சூடேற்றினால் வெளுத்துவிடும். கூடவே காஸ்டிக்கும் போடுவது வழக்கம். ஆனால் காஸ்டிக்கில் கம்பளியே கரையும், இறகு எம்மாத்திரம்? அதனால் சலவைச் சோடா மட்டும் சேர்த்தேன். ஒரு இறகும், எங்கள் சிவப்புத் துணியில் ஒரு துண்டும், ஒரே கிண்ணத்தில். துணி பத்து நிமிடத்தில் பழுப்பேறிய பல் மாதிரி ஆனது. இறகு நனைந்து சுருங்கியதே தவிரச் சிவப்பு போகவில்லை. இது எங்கள் சாயம் இல்லை. யாருடைய சாயமும் இல்லை.

இரண்டாவது இறகைத் துணியில் நூல் எண்ணுகிற கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, இருபத்திரண்டு வருடத்தில், ஒரு நிறத்தைப் பார்த்து வாயடைத்துப்போனேன். இறகு சிவப்புதான். ஆனால் அதன் விளிம்பு மட்டும் சாம்பலும் பழுப்புமாக, சிவப்பின் மேல் ஒரு மங்கல் திரை போட்டதுபோல் இருந்தது. சில இடங்களில் அந்த விளிம்பு தேய்ந்துபோயிருந்தது. தேய்ந்த இடத்தில் சிவப்பு பளிச்சென்று இருந்தது.

அதன்பிறகு மாசி முழுக்க, மத்தியானச் சாப்பாட்டை மேற்குச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். பெரியவர் சொன்ன நாலைந்து இல்லை, இருபது குருவிகளுக்கு மேல் இருந்தன. பெரும்பாலானவை வெறும் பழுப்பு, நெஞ்சில் கோடு கோடாக, பெண் சிட்டுக்குருவியென்றே சொல்லிவிடலாம். வாலின் நுனி மட்டும் சற்றுப் பிளந்திருக்கும், அலகு மொக்கையாகத் தடித்திருக்கும். சிவப்பு நாலைந்துதான். ஒரே தடவையில் ஓட்டிய லாட்டில் இத்தனை நிற வேறுபாட்டோடு நான் துணி கொடுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பெண்ணும், முதல் வருடத்து ஆணும் பழுப்பு, வளர்ந்த ஆண் மட்டும் சிவப்பு என்று ஆபரேட்டர் விளக்கினார்.

கதிரின் தலையில் உட்கார்ந்து, ஒரே ஒரு மணியைப் பிடுங்கி, வாய்க்குள் உருட்டி உருட்டி, உமி மட்டும் அலகோரம் வழிய, சோளத்தைத் தின்னும். அவசரம் கிடையாது. வேலியோரத்து உண்ணிச்செடிப் பழத்தையும் விடாது. தின்பதிலிருந்துதான் அந்தச் சிவப்பை உடம்பு தயாரித்துக்கொள்கிறதாம். தன் ஊரில் பையன்கள் இதைக் கூண்டில் வைத்து வளர்ப்பார்கள், அடுத்த வருடம் இறகு மாறும்போது சிவப்புக்குப் பதில் மஞ்சள்தான் வரும் என்றார் ஆபரேட்டர். அந்த மொத்தக் குருவிக்குள்ளேயும் ஒரு சாயப்பட்டறை ஓடுகிறது. கழிவு என்று வெளியே விடுவது உமி மட்டும்தான்.

மாசி முடியும்போது சிவப்பு இன்னும் ஏறியது. தை மாதத்தில் மங்கலாக இருந்த நெஞ்சு பங்குனி பிறக்கும்போது பழுத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் காரணம் தெரியும். விளிம்பு உரசி உரசித் தேய்ந்துபோகிறது, உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. போடப் போட மங்குகிற பனியனையே ஆயுள் முழுக்கத் தயாரித்தவன் நான். போடப் போடச் சிவக்கிற ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பெரியவருக்கும் இது தெரிந்தது, ஆனால் அவருடைய கணக்கில். "போன மாசத்துக்கு இப்பப் பாருங்க, எவ்வளவு சேப்பு ஏறியிருக்குதுன்னு. கசிவு அதிகமாயிட்டே வருதுங்க" என்று வாராவாரம் ஒரு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். சாயத்தண்ணி குடித்த சிட்டுக்குருவி என்று தலைப்புப் போட்டு யார் யாரோ அதை அனுப்ப, சுற்றிச் சுற்றி எங்கள் துணியை வாங்கும் ஏற்றுமதியாளருக்குப் போய், அங்கிருந்து கடல்கடந்து பையருக்கும் போய்விட்டது. அந்தப் பையர் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லாத துணி என்று அட்டை மாட்டி விற்கிறவர். இரண்டே வாரத்தில் பட்டறையைச் சோதிக்க, ஆடிட்டுக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது.

முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. "சார், அந்தக் குருவிக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிருங்க. நம்ம சாயம் இல்லைன்னு. உண்மையைத்தானுங்க எழுதச் சொல்றேன்" என்றார்.

உண்மைதான். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உற்சாகமாக எழுதினேன். கழுவிய விவரம், ஹைட்ரோஸ் சோதனை, இறகு விளிம்பின் பெரிதாக்கிய படம் எல்லாம் வைத்து மூன்று பக்கம். கடைசி வரி: இச்சிவப்பு எவ்வகைச் சாயத்தாலும் வந்ததல்ல, பறவையின் இயற்கை நிறமே என உறுதியளிக்கிறேன். அந்த 'உறுதியளிக்கிறேன்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்தார். தொப்பியும் கழுத்தில் தொங்கிய பைனாகுலருமாக இறங்கியபோதே காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பறவை பார்ப்பதுதான் பொழுதுபோக்காம். என் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, இது ரோஸ்ஃபின்ச் பறவைதான் என்று சொல்லிச் சிரித்தார். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். பெரியவரையும் கூப்பிட்டிருந்தார்கள். புகார் சொன்னவர் என்ற முறையில் அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். வெளுத்த வேட்டி கட்டி, கையில் நான்காக மடித்த தாளோடு வந்திருந்தார். அதில் முதலில் குருவி, அடுத்தது கிணறு, அடுத்தது தென்னை, அடுத்தது மாடு என்று வரிசையாக எழுதியிருந்தது.

குருவியைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. ஆடிட்டர் தன் போனிலிருந்து அதே பறவையின் நூறு படங்களைக் காட்டினார். இமயமலையில், காஷ்மீரில், இன்னும் எங்கெங்கோ. எல்லாம் அதே சிவப்பு. பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அப்பொ இது சாயமில்லீங்களா" என்று என்னைக் கேட்டார். இல்லீங்க என்றேன். பிறகு ஆடிட்டர் மேற்குச் சுவரில் ஏறி நின்று அரைமணி நேரம் பைனாகுலரில் பார்த்தார். இறங்கும்போது பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. தாளில் இரண்டாவது வரியிலிருந்து யாரும் படிக்கவில்லை.

அறிக்கை வந்தது. இமயமலையிலிருந்து வலசை வரும் பறவை இந்தப் பட்டறையை ஒட்டித் தங்குவது, இங்குள்ள சூழல் நலமாக இருப்பதற்கு அடையாளம் என்று எழுதியிருந்தார். முதலாளி அந்த வரியைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கம்பெனியின் புதுக் கையேட்டின் அட்டையில் அந்தக் குருவியைப் போட்டார்கள். பளபளப்புத் தாளில் சிவப்பு கொஞ்சம் மஞ்சளடித்துவிட்டது என்று நான்தான் அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினேன்.

பெரியவருக்கு ஊரில் பேர் விழுந்துவிட்டது. குருவிக்காரர். டீக்கடையில், கோயிலில், எங்கே போனாலும், இன்னிக்கு என்ன கலர் குருவிங்க என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் அவர் லேபுக்கு வந்தார். இந்த முறை முதலாளி அறைக்குப் போகவில்லை. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அந்த வாரம்தான் குருவிகள் வடக்கே கிளம்பியிருந்தன. சோளக்காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"ஏனுங்க சார், ஒரு குருவிக்கு அத்தனை சோதனை பண்ணுனீங்க. எங்க கெணத்துத் தண்ணிய ஒருவாட்டி பாருங்க. என்ற பையனே என்னயக் கிறுக்கன்னு நெனைக்கறானுங்க. குருவி பொய்யின்னா தண்ணியும் பொய்யின்னு சொல்றான். வேறெங்கயும் குடுக்கறதுக்கில்லீங்க. அவனுக்குக் காட்ட ஒரு பேப்பர் இருந்தாப் போதும். நான் பொய் சொல்லலைன்னு."

உட்காரச் சொன்னேன். தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். பேசிக்கொண்டே இருந்தோம். மாடுகளுக்கு இப்போது லாரித் தண்ணீர் வாங்குகிறாராம். ஒரு லிட்டர் வற்றி ஒரு கரண்டியளவு ஆனபோது, யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அடியில் உப்பு பாறைபோல் படிந்திருந்தது. அதன்மேல் ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு கசடு. எனக்கு ஷேடு கார்டு வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிவப்பை நான் தயாரித்தேன். அந்த உப்பை எத்தனை மூட்டை கொட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததும் நான்.

பெரியவர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "செம்மண்ணுங்களா இது?" என்றார்.

"இல்லீங்க."

அதைச் சொல்கிற தைரியம் இருந்தது. எழுதுகிறபோதுதான் மகள் கல்லூரியில் படிப்பதும், எனக்கு ஐம்பது முடிந்ததும், திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் முறை வருவதும் ஞாபகத்துக்கு வந்தன. கம்பெனி பேர் அச்சடித்த தாளை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன். மாதிரியில் நிறமும் உப்பும் காணப்படுகின்றன. அவை எங்கிருந்து வந்தன என்பதை உறுதிசெய்ய இயலவில்லை.

"படிச்சுச் சொல்லுங்க, இங்கிலீசு எனக்கு வராதுங்க" என்றார். தமிழில் சொன்னேன்.

தாளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "குருவிக்கு உறுதியா எழுதினீங்களே."

"அது குருவிங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"இதைக் காட்டுனா என்ற பையன் என்னங்க சொல்லுவான்?"

"ஒண்ணும் உறுதியில்லைன்னு சொல்லுவாருங்க."

"அதுக்குத்தான் இப்படி எழுதினீங்களா?"

அவர் தாளைத் திரும்ப என் மேசையில் வைத்தார். ஃபேன் காற்றில் அது பறக்கப் பார்த்தது. என் பேனாவை எடுத்து அதன்மேல் வைத்தார். காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு, "அப்பொ வர்றனுங்க சார், சிரமம் குடுத்துட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் பட்டறைச் சங்கு ஊதுகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பேனாவை நான் எடுக்கவில்லை.